அன்னக்கூடைக்கு அடியில் சிமிட்டிய விளக்கு

என் மகனுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. பிறப்பாயா, மகனாகத்தான் பிறப்பாயா என்றுகூடத் தெரியாது. எனக்கு இப்போது பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது இப்போதைய என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். மீசை வைத்திருப்பாய், சம்பாதிப்பாய், என் பேச்சைப் பாதி கேட்டுப் பாதி விடுவாய். வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை எல்லா அம்மாக்களும் அவன் ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்றுதான் சொல்கிறார்கள். சென்ட்ரலில் ரயில் நகரும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொல்வது யார் காதில் விழும்? நான் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. இன்று நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும் போலிருக்கிறது. இந்தக் குப்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும், அவர்களிடம் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவன் நீ ஒருவன்தான்.

எங்கள் வீடு சீனிவாசபுரத்தில், கடலைப் பார்த்த அவுசிங் போர்டு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. காற்றில் கரண்ட் போய்விட்டது. சார்ஜ் விளக்கின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, அடியில் கசிகிற வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை, தூங்குகிறவளின் மூச்சு இப்படி இருக்காது. மதியத்திலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நைனா கடலில் இருக்கிறார். நைனா என்றால் உன் தாத்தா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவரை இந்தக் காற்றில் கடலுக்கு அனுப்பியது நான். அவரோடு போனவர்கள் தேடுகிற இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாது. அவர் எப்போது வருவார் என்றும் தெரியாது. பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். முந்தாநாள் சாயங்காலம் நைனா நண்டு வலை விட்டுவிட்டு வந்தார். நேற்றுக் காலை காற்று மாறிவிட்டது. யாரும் கடலுக்குப் போக வேண்டாம், மீறிப் போனால் படகின் காகிதங்களை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று மீன் ஏலக்கூடத்து மைக்கில் சொன்னார்கள். அது சும்மா மிரட்டல் இல்லை. போன மழைக்காலத்தில் எட்டியப்பன் மாமா அப்படிப் போய் மாட்டிக்கொண்டார். இன்றுவரை அவர் படகு மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. அதிலிருந்துதான் அவர் நைனாவின் படகில் வருகிறார். ஆனால் வலையைக் கடலில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பது மழையில் நனையும் துணியை மாடியில் விட்டுவிட்டு இருப்பதைப் போல இல்லை. பெரிய காற்று ஒன்று அடித்தால் வலை சுருண்டு கயிறாகிவிடும், அப்புறம் வெட்டி எறிய வேண்டியதுதான். போவதும் யாருக்கும் தெரியாது வருவதும் யாருக்கும் தெரியாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மதியம் நைனாவும் எட்டியப்பன் மாமாவும் முகத்துவாரத்துப் பக்கமாகப் படகை இறக்கினார்கள்.

பாதி வலையை இழுத்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டதாம். படகின் அந்தப் பக்கத்தில் நிற்கிற ஆள்கூடத் தெரியாத மழை. அந்த மழைக்குள் ஏதோ ஒன்று விட்டுவிட்டு மின்னியிருக்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் உள்ளங்கை அகலப் பெட்டி. தலையில் ஒரு சின்ன விளக்கு, பக்கத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தகடு, அறுந்தாற்போல ஒரு கயிறு. கடலில் மிதந்து வருவது எடுத்தவனுக்குச் சொந்தம், இது எங்கள் ஆட்களின் வழக்கம். பந்து மிதவை, கேன், கப்பலிலிருந்து விழுந்த பலகை என்று எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி அப்படி வந்தவைதான். இப்போது இந்தக் காகிதத்துக்கு அடியில் இருக்கிற பலகையும் அப்படி வந்ததுதான். யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. நைனா அந்தப் பெட்டியை எடுத்து நண்டுக் கூடையில் போட்டுக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதைத் தரையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். இன்னாது இது, கண்ணைச் சிமிட்டிக்கினே கீது என்று அம்மா கேட்டாள். மீன் தேடுகிற மிஷினாக இருக்கும், மழை விட்டதும் பர்மா பஜாரில் காட்டினால் சொல்லிவிடுவான் என்றார் நைனா. எட்டியப்பன் மாமா டீயை உறிஞ்சிக்கொண்டே, “ஒம் பொண்ணு கல்யாணத்துக்கு சீரியல் லைட்டு வாடகை மிச்சம்பா, வாசல்ல மாட்டிடு” என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அன்று சாயங்காலம் முகத்துவாரத்துப் பக்கம் பெரிய பெரிய விளக்குகளோடு படகுகள் வந்து தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தன. எங்கள் ஆட்கள் மணலில் குடை பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். நைனாவும் போய் நின்றார். இன்னாத்தத் தேடறானுங்க இந்த மழையில என்று திரும்பி வந்து அம்மாவிடம் கேட்டார். அவர்கள் தேடியது எங்கள் வீட்டு அம்மிக்குப் பக்கத்தில் சிமிட்டிக்கொண்டு இருந்தது.

படுத்த பிறகு அதன் வெளிச்சம் சுவரிலும் கூரையிலும் வெட்டி வெட்டி விழுந்தது. அம்மா விடியும் முன்னே எழுந்து மீன் எடுக்கப் போகிறவள். கடல் மூடியிருக்கிற நாளிலும் அவளுக்கு அந்த நேரத்துக்குத்தான் விழிப்பு வரும், அதற்காக இரவில் சீக்கிரமே தூக்கமும் வரும். இது தூங்கவே விடாது போல என்று எழுந்தாள். மந்தைவெளி ஸ்டேஷன் பக்கத்தில் மீன் விற்கத் தலையில் தூக்கிப்போகிற அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்து அதை மூடினாள். பூனை தட்டிவிடாமல் மேலே எடைக்கல்லையும் வைத்தாள். வெளிச்சம் நின்றது. நாங்கள் நன்றாகத் தூங்கினோம். இந்த வாக்கியத்தை எழுதவே கை கூசுகிறது.

இன்று காலை மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. வகுப்புக் குழுவில் யாரோ ஒரு செய்தியைப் போட்டு, அதற்குக் கீழே நான்கைந்து பேர் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். ஒரு சின்ன விமானம், சொல்லிக்கொடுக்கிறவரும் கற்றுக்கொள்கிற பெண்ணும் என்று இரண்டே பேர். நேற்று மதியம் மேகத்தில் மாட்டிக் கடலில் விழுந்துவிட்டது. அவர்களிடம் இருந்த ஆபத்துக் கருவி வானத்துக்குச் சிக்னல் அனுப்பியிருக்கிறது. அந்தச் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நோக்கி நகர்ந்து, அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி வந்து, இரவில் நின்றுவிட்டது. அலை அவர்களைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்து அங்கேயே தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்காமல் எழுந்துபோய் எடைக்கல்லை நகர்த்தி அன்னக்கூடையைத் தூக்கினேன். பெட்டி இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க அந்த அலுமினியத்துக்குள்ளேயே கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் முதுகில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நேற்று யாரும் படிக்கவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பயன்படுத்தவும் என்று இருந்தது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நான்கு வயது இருக்கும்போது, மயிலாப்பூரில் அறுபத்து மூவர் திருவிழா அன்று மாடவீதிக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்டேன். தொலைந்துபோனால் தொலைந்த இடத்திலேயே நில், நான் வருவேன் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். நான் நின்றேன், ஒரு மோர்ப் பந்தல் பக்கத்தில், அழுதுகொண்டே. ஒரு நல்ல மனிதர் என்னைத் தூக்கித் தோளில் வைத்து, கையில் ஒரு பலூன் வாங்கிக் கொடுத்து, வீதியின் அந்தக் கோடியில் இருந்த போலீஸ் பந்தலில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அம்மா அந்த மோர்ப் பந்தலுக்கே திரும்பத் திரும்ப வந்து பார்த்திருக்கிறாள். அங்கே நான் இல்லாததால், நான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, எங்கேயோ போய்விட்டேன் என்று குளத்துப் பக்கம் ஓடியிருக்கிறாள். சாமியெல்லாம் போன பிறகுதான் என்னைக் கண்டுபிடித்தாள். முதலில் ஒரு அடி, அப்புறம் அழுகை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நைனாவும் கெட்டவர் இல்லை. ஆனால் தேடி வருகிறவர்களுக்கு இருக்கிற ஒரே பிடி, நீ நிற்கிற இடம்தான். நீ தொலைந்தால் நகராதே. தொலைந்த எதையாவது பார்த்தால், அதைத் தூக்கும் முன்னே அந்த இடத்தை மனதில் வாங்கிக்கொள். கடலில் ஒரு விளக்கு மிதந்தால் விளக்கைப் பார்க்காதே, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று பார்.

அம்மாவிடம் போனைக் காட்டிப் படித்துச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. நைனா அப்போது வீட்டில் இல்லை. அலை ஏறி வருகிறது என்று படகை மேலே இழுத்துப் போடக் கரைக்குப் போயிருந்தார். அம்மா பெட்டியைத் தன் முந்தானையில் சுற்றப் போனாள். எடுத்த இடத்திலேயே போட்டுவிடலாம், கடலில் போட்டால் கடல் பார்த்துக்கொள்ளும் என்றாள். ரெண்டு பேர் தண்ணியில கீறாங்கம்மா என்றேன். அதற்கு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“உங்க நைனா மட்டும் எதுல கீறாரு? போட்டு பேப்பர வாங்கிக்கினா நாம இன்னா பண்றது? எட்டியப்பன் கதி தெரியும் இல்ல?”

அவளை மோசமாக நினைத்துவிடாதே. எங்கள் வீட்டில் பயம் என்பது அடுப்பு மாதிரி, தினமும் அவள்தான் பற்ற வைத்து அவள்தான் அணைப்பாள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். திறந்த வானத்துக்கு அடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் அதை நிற்க வைத்தேன். இனி நான் சொல்லாவிட்டாலும் அதுவே சொல்லிவிடும் என்று தோன்றியது. அப்புறம், கடலில் ஆபத்து என்றால் கூப்பிடச் சொல்லி ஏலக்கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிற எண்ணுக்குப் போன் செய்தேன். தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன், அதனால் எண் மனப்பாடம். எடுத்தவர் முதலில் இந்தியில் பேசினார். நான் அழ ஆரம்பித்ததும் தமிழுக்கு மாறினார். “எங்க இருக்கீங்க, அத முதல்ல சொல்லுங்கம்மா. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம்” என்றார். நான் இடத்தைச் சொன்னேன். பிறகு யார், எப்போது, எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் குரலில் அவசரமே இல்லை. என் அழுகையும் நின்றுவிட்டது. நீ எங்கே போனாலும் இதை மறக்காதே. ஆபத்தில் போன் செய்தால் முதலில் இடத்தைச் சொல். பாதியில் லைன் அறுந்தாலும், இடம் தெரிந்தால் வந்துவிடுவார்கள்.

ஜீப் வந்தது. மழைக்கோட்டு போட்ட ஓர் அதிகாரியும் இன்னும் இரண்டு பேரும் மாடியேறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதிக் குப்பம் வந்தது. நான் பெட்டி நனையக் கூடாது என்று அதற்குக் குடை பிடித்துக்கொண்டு, தலையோடு கால் நனைந்து நின்றேன். அந்த அதிகாரி என்னையும் குடையையும் பார்த்தார். அது கடலிலேயே மிதக்கிற சாமான்மா, குடையை உனக்குப் பிடி என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் பெட்டியில் இருந்த எண்ணைப் பார்த்து, கையிலிருந்த வாக்கி டாக்கியில் சொல்லி, ஆமாம் அதுதான் என்று தலையாட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார்.

அப்போது அம்மா முன்னால் வந்து, “கரையில ஒதுங்கிச்சு சார். மணல்ல கெடந்துது, பொண்ணு எடுத்துக்கினு வந்துச்சு” என்றாள்.

அவள் நைனாவைக் காப்பாற்றத்தான் சொன்னாள். ஆனால் அந்த அதிகாரி உடனே வாக்கி டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனார். கரையில் ஒதுங்கியது என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாரும் இங்கேயே, இந்த முகத்துவாரத்திலேயே தேடிக்கொண்டு இருப்பார்கள். அந்த இரண்டு பேரும் வேறெங்கோ மிதந்துகொண்டிருப்பார்கள். எனக்கு முகம் தெரியாத ஒரு பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். மோர்ப் பந்தல் பக்கத்தில் நின்றது மாதிரி அவள் எங்கோ நின்றுகொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

“இல்ல சார்” என்றேன். “கடல்ல எடுத்தது. நேத்து மதியம். எங்க நைனாதான் எடுத்தாரு.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டாம். கூட்டத்தில் யாரோ, பெத்த அப்பனையே புடிச்சுக் குடுத்துடுச்சுப்பா என்றார்கள். அந்த நேரத்தில் படிக்கட்டில் நைனா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. லுங்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் சொன்னதைக் கேட்டிருந்தார். ஆமா சார், நான்தான் என்றார். கூட யார் வந்தது என்று அதிகாரி கேட்டார். எட்டியப்பன் மாமா கூட்டத்தில்தான் இருந்தார், தலையைக் குனிந்துகொண்டு. நான் மட்டும்தான் போனேன் என்றார் நைனா. பிறகு இடுப்புப் பையிலிருந்து இடம் காட்டும் கருவியை எடுத்து, வலை விட்ட இடத்தைக் குறித்திருந்ததை அத்தனை பேருக்கு முன்னால் திறந்து காட்டினார். நண்டு வலை விடுகிற இடத்தை எங்கள் ஆட்கள் பெற்ற அண்ணன் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். இனிமேல் அது ஊருக்கே தெரியும். “வாங்க சார், நானே வந்து காட்றேன்” என்று கிளம்பினார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார். என் கையிலிருந்த குடையை வாங்கி என் தலைக்கு மேல் பிடித்து, கைப்பிடியை என் விரல்களுக்குள் வைத்து அழுத்தினார். கீழ போ, நனையாத என்றார். கோபமா இல்லையா என்று தெரியவில்லை. மதியத்திலிருந்து அந்த மூன்று வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் எந்தச் செய்தியும் இல்லை. தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது, அடுத்து யார் வூட்டுக்கு ஜீப்ப வரவழைக்கப் போற பாப்பா என்று ஒருத்தி கேட்டாள். குடத்தை நிரப்பாமலே மேலே வந்துவிட்டேன். காற்று இன்னும் குறையவில்லை. கடல் இருட்டில் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. நைனாவின் போனுக்கு அடித்தால் ஒரு பெண் குரல் அவர் எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று மரியாதையாகச் சொல்கிறது. எட்டியப்பன் மாமா மட்டும் சாயங்காலத்திலிருந்து எங்கள் கட்டடத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. தன் பெயரை நைனா சொல்லவில்லை என்பது அவருக்குப் பெரிய பாரமாக இருக்கிறது போல.

நீ எதில் போவாயோ எனக்குத் தெரியாது. படகிலோ, பைக்கிலோ, அந்தப் பெண்ணைப் போல விமானத்திலோ போவாய். நீ பறப்பேன் என்றால் நான் தடுக்கமாட்டேன். இன்று முழுக்க அவளை நினைத்துக்கொண்டிருந்ததில், அவள் பறந்ததே தப்பு என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வானம் மூடினால் திரும்பிவிடு. நைனா வலைக்காகப் போனார். அவர்கள் எதற்காகப் போனார்களோ. இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று எல்லாருக்கும்தான் தோன்றும். திரும்பி வந்து, வெறுங்கையோடு வாசலில் நின்று, திட்டு வாங்குகிற பிள்ளைதான் எனக்கு வேண்டும். கிளம்பும்போது எங்கே போகிறாய் என்று ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போ. என்னிடம் சொல்லப் பயமாக இருந்தால் வேறு யாரிடமாவது சொல். இன்னொன்று. நீ ஒரு தப்பு செய்துவிட்டு வந்து நின்றால், நான் என் அம்மாவைப் போல ஒரு பொய்யை எடுத்து உன்மேல் போர்த்தலாம். அன்புதான் அது. ஆனால் அந்தப் பொய்க்கு அடியில் வேறு யாராவது மூச்சுத் திணறுகிறார்களா என்று நீ பார். இருந்தால் எனக்கு எதிராகவே பேசு. நான் உன்னோடு ஒருநாள் பேசாமல் இருப்பேன். தாங்கிக்கொள்.

எழுதிக்கொண்டிருந்தேன், சற்று நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். காகிதத்தை ஒளிக்கக்கூட நேரமில்லை. என்ன எழுதுகிறேன் என்று அவள் கேட்கவில்லை. துண்டு போட்டு மூடிய விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினாள்.

“மூடாத. எரியட்டும். ஜன்னல்ல வை.”

துண்டை எடுத்துவிட்டு விளக்கைக் கடலைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். நைனா வருகிற கடலிலிருந்து இந்தச் சின்ன விளக்கு தெரியாது என்று அவளுக்கும் தெரியும். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள் என் தோளில் பட்டது. அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இதைப் படிக்க முயற்சிக்கவும் இல்லை. நான் மறைக்கவும் இல்லை. இதற்குமேல் எழுதுவதெல்லாம் முழு வெளிச்சத்தில் எழுதுவது.

இப்போது ஜன்னல் வெளுத்துவிட்டது. சற்று முன்தான் போன் வந்தது, தெரியாத எண்ணிலிருந்து. அம்மா எடுத்துக் காதில் வைத்தாள். அப்படியே சுவரில் சாய்ந்து, போனை என்னிடம் நீட்டினாள். நைனாவின் குரல், கப்பல் இரைச்சலுக்கு நடுவில். முதலில், இழுத்து வந்த வலையை எட்டியப்பன் மடித்து வைத்தானா என்று கேட்டார். நான் அழுகிறேன் என்று தெரிந்ததும்தான் விஷயத்தைச் சொன்னார். கிடைத்துவிட்டார்கள். இரண்டு பேரும். நைனா காட்டிய இடத்திலிருந்து நீரோட்டம் இழுத்த வழியே தெற்கே தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். கோவளத்துக்கு நேரே வெளிக்கடலில், மிதவைச் சட்டையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பட்டை கப்பல் விளக்கு பட்டு மின்னியிருக்கிறது. இருவரும் சட்டை வாரை வாரோடு முடிந்துகொண்டு, பிரியாமல் கிடந்தார்களாம். சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தோள்பட்டை உடைந்திருக்கிறது, ஆனால் பேசுகிறார். மேகத்துக்குக் கீழே போய்விடலாம், கீழே போய்விடலாம் என்று இறங்கி இறங்கி, கடைசியில் கீழே கடல்தான் இருந்தது என்று சொன்னாராம்.

அந்தப் பெண் சொன்னதைச் சொல்லும்போது நைனாவின் குரல் மாறிவிட்டது. அலையில் அந்தப் பெட்டி அவள் கையைவிட்டு நழுவிப்போயிருக்கிறது. மழைக்குள் ஒரு படகு வந்து அதை எடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு பேரும் கத்தியிருக்கிறார்கள். படகு திரும்பிப் போய்விட்டது. அதைக் கப்பலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நைனாவிடமே சொல்லியிருக்கிறாள், அவர் யார் என்று தெரியாமல்.

“அது என் போட்டுதாம்மான்னு சொல்லிட்டேன்” என்றார்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. என் கையப் புடிச்சிக்கினா. இன்னும் வுடல.”

பிறகு, கோபமா நைனா என்று கேட்டேன். உன்மேல எதுக்கு என்றார். படகுக் காகிதத்தைப் பற்றி ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம், நாளைக்குப் போக வேண்டும், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. படகு மணலில் கவிழ்ந்து கிடக்கிற நாட்கள் வரலாம். கீழே எட்டியப்பன் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, நாளைக்கு நானும் ஆபீசுக்குப் போறேன், ரெண்டு பேர்தான் போனோம்னு சொல்லணும் இல்ல என்றார். நான் மேலே வந்தபோது அம்மா அன்னக்கூடையைக் குழாயடிக்கு எடுத்துப்போகத் தயாராக இடுப்பில் வைத்திருந்தாள். ஜன்னல் விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். அவர் படியேறி வரட்டும் என்றாள்.

அதனால் அதை அணைக்கவில்லை. நீ எங்கேயாவது போய், என்றைக்காவது திரும்பி வரும்போது, பகலாக இருந்தாலும் நம் வீட்டு ஜன்னலில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தால் என்னைக் கேலி செய்யாதே. மேலே ஏறி வந்து நீயே அணைத்துவிடு.

உனக்காக இப்போதே காத்திருக்கிற,
உன் அம்மா